ஆர்ட் டிஜே ப்ரீ 2: எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு இந்த அழகில்லாத பெட்டி போதும்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரம் இருந்தால் வாசியுங்கள். எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு சின்னக் காந்தம் அசைகிற, பரவலாகப் பாவிக்கிற வகை) பூட்டிய டேர்ன்டேபிளுக்கு போனோ ப்ரீஅம்ப், அதாவது அதன் மெல்லிய சிக்னலை அம்புக்கு ஏற்றபடி பெருக்கிச் சரிசெய்யும் பெட்டி, தேடுகிறீர்கள், அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுத்த பிறகு கையில் பெரிதாகக் காசு இல்லை என்றால் ஆர்ட் கம்பனியின் டிஜே ப்ரீ 2 வாங்குங்கள். ஹோலில் வைத்து ஆட்களுக்குக் காட்டுகிற சாமான் இல்லை, சின்ன உலோகப் பெட்டி, அவ்வளவுதான்.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போய் போனோ ப்ரீஅம்ப் என்று கேட்டால் பாதிக் கடையில் மைக் மிக்சரைத் தூக்கி மேசையில் வைப்பார்கள். "சவுண்ட் கூட்டத்தானே சேர், இது காணும்" என்பார்கள். காணாது. ரெக்கோட் வெட்டும்போது பாஸைக் குறைத்து, மேல் சத்தங்களைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், பாஸைக் குறைக்காவிட்டால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாட்டுக் கொள்ளாது. எவ்வளவு குறைப்பது, கூட்டுவது என்ற பொது அளவுதான் 1954இல் வந்த ஆர்ஐஏஏ. அதைத் திருப்பி நேராக்குவது போனோ ப்ரீஅம்பின் வேலை: 1 கிலோஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹேர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபெல் கூட்ட வேண்டும், 20 கிலோஹேர்ட்ஸில் அதே அளவு குறைக்க வேண்டும். மைக் மிக்சர் சத்தத்தை மட்டும்தான் பெருக்கும், பாட்டு தகரத்தில் தட்டினதுபோல் வரும்.

கெயினைப் பற்றி, அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைப் பற்றி, அதிகம் யோசிக்கத் தேவையில்லை. எம்எம்முக்கு 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, வழக்கமான அளவு. என்னிடம் இருப்பது ஓடியோ டெக்னிக்கா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ், அது 4 மில்லிவோல்ட் தரும், நூறு மடங்கானால் 0.4 வோல்ட். சீடி பிளேயர் 2 வோல்ட் தருவதால் ரெக்கோட் போடும்போது வொலியூமைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், அது பழுது இல்லை. டிஜே ப்ரீயில் கெயினுக்கு ஒரு குமிழ் இருக்கிறது, கூடினால் சிவப்பு லைட் எரியும்.

நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. கெப்பாசிட்டன்ஸ், அதாவது வயரும் பெட்டியும் கொஞ்சம் மின்னைத் தேக்கிவைக்கிற அளவு, பிகோஃபராடில் சொல்வார்கள். கார்ட்ரிட்ஜுக்கு வேண்டிய 47 கிலோ ஓம் தடை என்பதை எல்லாப் பெட்டியிலும் போட்டுவிடுகிறார்கள், அதில் பிரச்சினை இல்லை, ஆனால் பிகோஃபராட் எவ்வளவு என்று ஒருவரும் பார்ப்பதில்லை. விஎம்95ஈக்கு மொத்தம் 100இல் இருந்து 200 பிகோஃபராட் வேண்டும். டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) வயர், ஆர்சிஏ கேபிள், பெட்டியின் உள்ளே இருப்பது மூன்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வயரும் கேபிளுமே நூறைத் தாண்டலாம், அதோடு பெட்டிக்குள் நிலையாக 220 போட்டிருந்தால் சேர்ந்து 300ஐத் தாண்டி 400 பக்கமும் போகலாம். இந்தக் கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி, அது கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து ஒரு இடத்தில் சத்தத்தைத் தூக்கிவிடும்; 200 பிகோவில் இந்த மின் அதிர்வு 15 கிலோஹேர்ட்ஸ் அளவில் நிற்கும், 400இல் 11 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது பாடகியின் ஸ, ஷ எல்லாம் சீறும், அதற்கு மேலே இருப்பது அமுங்கிப்போகும். ஆட்கள் இதைக் கேட்டுவிட்டு கார்ட்ரிட்ஜ் சரியில்லை என்று மாற்றுகிறார்கள்! டிஜே ப்ரீயில் 100, 200 என்று ஒரு சுவிட்ச். நான் 100இல் கட்டைக் கேபிளோடு பாவிக்கிறேன், கல்கத்தா டம்டம்மில் அச்சான பழைய எச்எம்வி தட்டுகளிலும் குரல் சுத்தமாக வருகிறது. ஓர்டோஃபோன் 2எம் ரெட் வைத்திருப்பவர்களுக்கு 150இல் இருந்து 300 வரை, அவர்கள் 200இல் போட்டும் பார்க்கலாம்.

மிகத் தாழ்ந்த சத்தங்களை வெட்டும் லோ கட் சுவிட்சும் இருக்கிறது, கொழும்புச் சூட்டில் வளைந்த தட்டுகளுக்கு அது உதவும். வளைந்த தட்டைப் போட்டால் பாட்டே இல்லாத இடத்திலும் வூஃபர் முன்னும் பின்னும் ஆடும், சுவிட்சைப் போட்டவுடன் ஆட்டம் குறையும். நல்ல தட்டுக்கு நிறுத்தி வையுங்கள்.

இரைச்சலுக்கு வருவோம். இதற்கு முன் பாவித்த ஒரு மலிவுப் பெட்டி (பேர் வேண்டாம்) ஊ... என்று 50 ஹேர்ட்ஸில் முனகிக்கொண்டே இருக்கும். இதில் காதை ஸ்பீக்கரோடு வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. ஆனாலும் கிரவுண்ட் வயரை முறுக்கிக் கட்டுங்கள், பெட்டியை அம்பின் ட்ரான்ஸ்போமர் பக்கமோ வைஃபை ரவுட்டர் மேலேயோ வைக்காதீர்கள். எடப்டர் 230 வோல்டுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள், அமெரிக்காவில் இருந்து ஆள் மூலம் வருவது 120 ஆக இருக்கக்கூடும். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் ஆர்சிஏ முனைகள் கறுத்துவிடும், ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.

யாருக்கு வேண்டாம்? எம்சி கார்ட்ரிட்ஜுக்கு (காந்தத்துக்குப் பதில் சுருள் அசைகிற வகை, சிக்னல் மிகக் குறைவு) போக நினைப்பவர்களுக்கு. அதற்கு 60 டெசிபெல் வேண்டும், இதில் கிடைக்காது. டேர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஅம்ப் இருந்தால் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், வெளிப்பெட்டி போடுவதானால் பின்னால் உள்ள சுவிட்சை போனோவுக்கு மாற்ற மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் இரண்டு தரம் பெருக்கி எல்லாம் உடைந்து கேட்கும். ஜப்பானில் இருந்து வந்த பாவித்த அம்ப் வைத்திருப்பவர்கள் (100 வோல்ட், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகிவிடாதீர்கள்) பின்பக்கம் போனோ என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அம்ப்களில் அது அநேகமாக நன்றாகவே இருக்கும். இருந்தால் இந்தப் பெட்டியே வேண்டாம், அந்தக் காசுக்குப் புது ஊசி வாங்குங்கள்.