பெட்டியில் ‘100% காப்பர்’, உள்ளே அலுமினியம்: மலிவு கிரைண்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஏஜி ஃபோர் கிரைண்டரை (இரும்பு தேய்க்கிற, கையில் பிடிக்கிற 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர்) ஆன்லைனில் ஆர்டர் போடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். கம்பெனி பேரை எழுதவில்லை. ஒரே மெஷின் நாலைந்து பேரில், நாலைந்து கலரில் வருகிறது. ஒரு பேரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

எங்களுடையது கோயம்புத்தூர்ப் பக்கம் சின்ன கிரில் பட்டறை. நானும் என் தம்பியும்தான், வேறு ஆள் கிடையாது. வெல்டிங் வைத்த இடத்தைத் தேய்க்க இரண்டாவது மெஷின் ஒன்று வேண்டியிருந்தது. பெட்டியில் 850 வாட், 11,000 ஆர்பிஎம், ‘100% காப்பர் வைண்டிங்’ (மோட்டாரில் சுற்றிய கம்பி முழுக்கச் செம்பு), 6 மாத வாரன்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை 1,390 ரூபாய். வாரன்டியில் பாதிகூட ஓடியிருக்காது, ஒரு நாள் கேட் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கார்பன் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற சின்னக் கட்டை) பக்கம் நீலமாகப் பொறி வட்டம் சுற்றியது. அடுத்து புகை. அவ்வளவுதான்.

வாங்கிய தளத்தில் கேட்டால், ரிட்டர்னுக்கான நாள் முடிந்துவிட்டது, பிராண்டிடம் பேசுங்கள் என்றார்கள். பிராண்டின் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு சர்வீஸ் சென்டர் முகவரி வந்தது. அங்கே மெஷினை மேஜைமேல் வைத்ததும் அங்கிருந்த பையன் ஜாப் ஷீட் (பழுது விவரம் எழுதுகிற தாள்) எடுத்து, ‘ஓவர்லோடு, அவுட் ஆஃப் வாரன்டி’ என்று எழுத ஆரம்பித்துவிட்டான்.

“ஏனுங்க தம்பி, இன்னும் ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டல. அதுக்குள்ள ஓவர்லோடுன்னு எழுதறீங்க?”

“ஆர்மேச்சர் போச்சுன்னா ஓவர்லோடுதானுங்கண்ணா. அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்காங்க.”

பிரித்துக் காட்டச் சொன்னேன். ஆர்மேச்சர் என்பது மோட்டாரில் சுழலுகிற, கம்பி சுற்றிய பாகம். ஃபீல்டு காயில் அதைச் சுற்றி அசையாமல் இருக்கிற கம்பிச்சுருள். ஓவர்லோடில் எரிந்த ஆர்மேச்சர் பொதுவாகச் சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருக்கும், ஃபீல்டு காயிலும் அந்தக் கருகல் தெரியும். இதில் கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சர் நுனியில் கார்பன் உரசுகிற உருளை) பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகள் மட்டும் தீய்ந்திருந்தன, மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒரு காயிலின் இணைப்பு அங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அது உற்பத்தியில் வந்த கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது, என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளத்துக்கு இருக்கிறவன்.

வாரன்டி கார்டை அப்போதுதான் அவன் எடுத்துப் படித்துக் காட்டினான். கார்பன், ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், சுவிட்ச், பேரிங் எதற்கும் வாரன்டி கிடையாது. மிச்சம் இருப்பது பிளாஸ்டிக் பாடி. காசு கட்டி ரிப்பேர் செய்ய 650 ரூபாய் ஆகுமாம். வேண்டாம் என்றதும் பிரித்தபடியே கவரில் போட்டுக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டேன், ஜாப் ஷீட்டில் சீல் வைத்து வாங்கிக்கொண்டேன். பிறகு கம்பெனி “வெளியில் பிரித்திருக்கிறீர்கள், அதனால் வாரன்டி செல்லாது” என்று ஆரம்பித்தபோது, வாயை அடைத்தது அந்த ஜாப் ஷீட்தான்.

எங்கள் மோட்டார்களுக்கு வழக்கமாகக் காயில் கட்டுகிறவரிடம் அதைக் கொண்டுபோனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஃபீல்டு காயிலின் ஒரு சுற்றில் பிளேடை வைத்துச் சுரண்டினார். செம்பு நிற வார்னிஷ் உரிந்தது, உள்ளே கம்பி வெள்ளையாக இருந்தது. “அலுமினியங்க. மேல கலர்தான் காப்பரு.” ஆர்மேச்சரிலும் அதே கதை.

இங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. வாரன்டி கார்டை வைத்துச் சண்டை போட்டால் அவன் எழுதிய விதியில், அவன் களத்தில் ஆடுகிறோம். பெட்டியில் அச்சடித்ததை வைத்துக் கேட்டால் கதையே வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), பொருளின் தரம், சேர்மானம் பற்றிப் பொய் சொல்லி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. காப்பர் என்று சொல்லி அலுமினியம் கொடுத்திருக்கிறாய், எந்தக் கார்டு அதை மாற்றும் என்று கேட்டு, பெட்டி படம், சுரண்டிய கம்பி படம், பில், ஜாப் ஷீட் எல்லாவற்றையும் சேர்த்து, விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டேன். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

பதில் கம்பெனியிடமிருந்து வந்தது. ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும், பட்டறையில் ஓட்டியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை.’ நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் பிரிவு 2(7)இன் விளக்கத்தில் சொல்கிறது. தச்சர், பிளம்பர், எலக்ட்ரீசியன், எங்களைப் போன்ற பட்டறைக்காரர் எல்லாருக்கும் இது உதவும்.

அதை எழுதி அனுப்பிவிட்டு 1915க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் இல்லை, புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஆனால் அந்தப் புகார் எண்ணைப் போட்டு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று எழுதியதும் தொனி மாறியது. ஆணையத்துக்கு நாம் குடியிருக்கிற ஊரிலேயே போகலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. 1,390 ரூபாய்க்கு யார் அலைவார் என்பதுதான் இவர்கள் கணக்கு. முதலில் ‘புது மெஷின் தருகிறோம்’ என்றார்கள். அதே அலுமினியத்தை இன்னொரு முறை வாங்கி என்ன செய்ய? பணம்தான் வேண்டும் என்று நின்றேன். மெஷினைத் திருப்பி அனுப்பியபின் முழுத்தொகையும் அக்கவுன்டுக்கு வந்தது.

வாங்குவதாக இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், என் கேஸே அந்த அட்டையில்தான் இருந்தது. அதில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பேரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் அனுப்பக்கூட ஆள் இருக்காது. அந்த மாடலுக்கு ஆர்மேச்சர் கிடைக்குமா என்று காயில் கட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கடையில் வாங்கினால் சீரியல் நம்பரோடு பில். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால் பயந்துவிட வேண்டாம். பில்லில் வேறு கெடு சொல்லவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுப்பதும் அதே 2(47)இல் வருகிறது.

திருப்பி அனுப்பிய கூரியர் செலவு 210 ரூபாய் இன்னும் வரவில்லை. அதையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.