ரோமர் நிருபமும் ஐந்து நாள் தீவிர வகுப்பும்

கிறிஸ்தவ ஊழியத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், ரோமர் நிருபத்துக்கான, அதாவது ரோமாபுரி விசுவாசிகளுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய, புதிய ஏற்பாட்டில் உள்ள கடிதத்துக்கான, ஐந்து நாள் தீவிர வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். இறையியல் கல்லூரிகள் நடத்தும் இத்தகைய குறுகிய கால வகுப்புகளுக்கு நான் சில ஆண்டுகளாகவே போய்வருகிறேன். ரோமரையும் அப்படித்தான் படித்தேன். முன்கூட்டியே வாசிக்க ஒரு பட்டியல், காலை முதல் மாலை வரை பாடம், முடிந்த சில வாரங்களில் ஒரு கட்டுரை என்ற ஏற்பாடெல்லாம் அவருக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் பேராசிரியர் விளக்கவுரைகளை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, நிருபம் முழுவதையும் எங்களைச் சத்தமாக வாசிக்கவைத்தார், ஆளுக்கு ஓர் அதிகாரமாக. ரோமாபுரி விசுவாசிகளும் இதைக் காதால் கேட்டவர்கள்தானே. முதல் அதிகாரத்தின் இறுதியில் வரும் நீண்ட பாவப் பட்டியலுக்கு அறையில் பலர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அடுத்தவர் இரண்டாம் அதிகாரத்தைத் தொடங்கினார். மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கிறவனே, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை என்று, காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவன் பக்கமே பவுல் திரும்பியதும் அசைந்த தலைகள் அப்படியே நின்றுவிட்டன. ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து வசனங்களாகக் கேட்டுப் பழகிய எனக்கு, அந்தத் திருப்பத்தின் வேகம் அன்றுதான் புரிந்தது. வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் இது கிடைக்கவே கிடைக்காது. இந்த ஒன்றுக்காகவே தீவிர வகுப்புகளை நான் மனதாரப் புகழ்வேன்.

ஆனால் கடைசி நாள் என்று ஒன்று வருகிறதே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரோமரில் மொத்தம் 433 வசனங்கள். 12 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களில் மட்டும் 118. நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். எங்களுக்கு அவற்றுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிந்தைய சொற்ப நேரம். சுவரோரம் பெட்டிகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. மதிப்பீட்டுப் படிவம் கைமாறிக்கொண்டிருந்தது. ஏழாம் அதிகாரத்தில் புலம்பும் அந்த ‘நான்’ யார், மனந்திரும்புவதற்கு முந்தைய பவுலா, பிந்தைய பவுலா என்று அரை நாள் வாதாடிய வகுப்பு, பதினான்காம் அதிகாரத்தைப் பக்கம் புரட்டிக் கடந்தது. என் பாடக்குறிப்பில் முதல் எட்டு அதிகாரங்களின் ஓரங்களில் எழுத இடமில்லை. பின்பக்கங்கள் அச்சிட்டபடியே வெள்ளையாக இருக்கின்றன.

நிருபம் எழுதப்பட்ட நிலவரத்தை யோசித்துப் பாருங்கள். கி.பி. 49 வாக்கில் ரோமப் பேரரசன் கிலவுதியுராயன் யூதர்களை ரோமாபுரியைவிட்டு வெளியேற்றினான். 54இல் அவன் இறந்தபின் அவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளே பெரும்பாலும் சபைகளை நடத்தியிருந்தார்கள். திரும்பி வந்தவர்களோடு உணவிலும் விசேஷ நாட்களிலும் உரசல். 57ஐ ஒட்டி பவுல் எழுதும்போது, ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பதினான்காம், பதினைந்தாம் அதிகாரங்களில் மன்றாடுவது இவர்களிடம்தான் என்று பல அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முதல் பதினொரு அதிகாரங்களும் இந்த வேண்டுகோளுக்குப் போட்ட அஸ்திபாரம். அஸ்திபாரத்தை அங்குலம் அங்குலமாக அளந்துவிட்டு வீட்டுக்குள் நுழையாமலே திரும்பினோம். சபை ஊழியக்காரி பெபேயாளும் பவுல் வாழ்த்துச் சொல்லும் யூனியாவும் அவருக்காக நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவும் வருகிற பதினாறாம் அதிகாரத்தை நாங்கள் திறக்கவே இல்லை.

பேராசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நல்ல கேள்வி எழும்போது அதை அடக்காமல் போகவிடுவதுதான் நல்ல ஆசிரியரின் இயல்பு. ஒரு பருவம் முழுவதும் நடக்க வேண்டியதை ஐந்து நாளில் அடைத்தால் எங்கோ ஒரு முனை நசுங்கத்தான் செய்யும். என் கோபமெல்லாம் எப்போதும் கடைசி முனையே நசுங்குகிறது என்பதில்தான். ஏசாயா புத்தக வகுப்பில் 56 முதல் 66 வரையுள்ள அதிகாரங்களுக்குக் குறிப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சபை வரலாற்று வகுப்பில் 325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்துக்குக் கொடுத்த பொறுமை 451ஆம் ஆண்டு கல்கிதோன் சங்கத்துக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் இதையே மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அட்டவணை மாறவில்லை.

நண்பர் தன் சபையில் இரு தரப்பார் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்றும், அதற்காகவே ரோமரிலிருந்து தொடர் பிரசங்கம் செய்ய நினைப்பதாகவும் சொன்னார். அப்படியானால் அவருக்கு வேண்டியது பதினான்காம் அதிகாரம். மேலே இவ்வளவு புகழ்ந்திருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: இந்த முறை சேர வேண்டாம். நாள்வாரிப் பாடத்திட்டத்தை எழுதி அனுப்பச் சொல்லட்டும். 12 முதல் 16 வரை ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தால் பணம் கட்டலாம், அதுவும் அந்த நாள் வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டால்.