மாமியாருக்கு வாங்கிய ஏர் பெட்: ஒரு வார்டு நர்ஸின் கருத்து

படுத்தே இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை இது. நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் இதைப் போட்டுவிட்டால் நோயாளியைப் புரட்ட வேண்டாம் என்று நினைத்து வாங்காதீர்கள். சர்ஜிகல் வார்டில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அதான் ஏர் பெட் போட்டாச்சே சிஸ்டர், இன்னும் எதுக்குப் புரட்டணும்?" என்பதுதான்.

மாமியாருக்குத் தொடை எலும்பு ஆபரேஷன் முடிந்ததும் பாளையங்கோட்டையில் ஒரு சர்ஜிகல் கடையில் எடுத்தோம். குமிழ் குமிழாக இருக்கும் சாதாரண வகை. ஒரு வரிசை உப்பும்போது பக்கத்து வரிசை இறங்கும், சில நிமிடத்தில் மாறும். ஒரே இடம் விடாமல் அழுந்தாது என்பதுதான் இதன் பலன்.

இது யாருக்குத் தேவை? வார்டில் பிரேடன் ஸ்கேல் என்று ஒன்று போடுவோம். உணர்வு, ஈரம், நடமாட்டம், தானாகப் புரளும் திறன், சாப்பாடு, உராய்வு என்று 6 விஷயங்களுக்கு மதிப்பெண். மொத்தம் 23. அதில் 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் படுக்கைப் புண் வர வாய்ப்பு உண்டு. அத்தைக்குச் சர்க்கரை வேறு, சாப்பாடும் சரியாக இறங்கவில்லை, டயபர் ஈரம். யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டேன். மறுநாளே எழுந்து நடக்கப்போகிறவருக்கு இது வீண் செலவு.

பம்பில் எடைக்கு ஏற்ற திருகு இருக்கிறது. பலர் அதை முழுதாகத் திருப்பிவிடுகிறார்கள். மெத்தை பலகை போலாகிவிடும். இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதாது. மேலே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். ரப்பர் ஷீட், போர்வை என்று அடுக்கினால் காற்று மாறுவது உடம்புக்கு எட்டவே எட்டாது, நம்ம ஊர் வெயிலில் வியர்த்தும் ஊறும்.

குறைகள் உண்டு. இரண்டு முனையிலும் மடித்துச் செருகும் பகுதி நீளம் போதவில்லை, மெத்தை நகர்கிறது. தலைப்பக்கம் உயர்த்தினால் டியூப் மடங்கிக் காற்று நின்றுவிடுகிறது. கரண்ட் போனால் மெதுவாகச் சப்பையாகும், அதனால் வெறும் கட்டிலில் விரிக்காமல் ஃபோம் மெத்தைமேல் விரியுங்கள்.

குதிகாலை இது காப்பாற்றாது. கெண்டைக்கால் முழுக்கத் தாங்குகிற மாதிரி தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கலாக விட வேண்டும். நாங்கள் அத்தையை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தோம். இடுப்பு, தொடை ஆபரேஷன் என்றால் எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

புரட்டும்போதெல்லாம் வால் எலும்புப் பக்கம் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. தேய்க்காதீர்கள், அந்த இடத்தில் பாரம் விழாமல் வைத்து நர்ஸிடம் காட்டுங்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே ஆழமான புண் இருப்பவருக்கு இந்தக் குமிழ் வகை போதாது. நீளக் குழாய்களாக வரும் தடித்த வகையைக் கேளுங்கள், விலை கூடுதல்தான். சில வாரத் தேவை என்றால் வாடகைக்கும் கிடைக்கிறது. பம்பை ஓடவிட்டுப் பார்த்து, ஓட்டை ஒட்டும் பேட்ச் உள்ளே இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்குங்கள்.