பிராய்லர் செட்டா, தோப்பில் நாட்டுக்கோழியா?

பல்லடம், உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் மேட்டு நிலமும் வைத்திருப்பவர்கள் கோழி வளர்க்க நினைத்தால் இரண்டு வழி இருக்கிறது. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு பிராய்லர் வளர்க்கும் கொட்டகை, அதாவது செட், கட்டலாம். இல்லையென்றால் தோப்புக்குள் வேலி அடைத்து நாட்டுக்கோழி விடலாம். எங்கள் வீட்டில் நாட்டுக்கோழிதான் என்று முடிவெடுத்தோம். மச்சான் பல வருடங்களாக பிராய்லர் செட் வைத்திருக்கிறார். குஞ்சு இறக்கும் நாளிலும், வண்டி வந்து கோழி பிடிக்கும் இரவிலும் அவரோடு நின்று வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டையும் அருகில் இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கை முதலில் முடித்துவிடலாம். பிராய்லர் 40 நாளுக்குள் 2 கிலோவைத் தொட்டுவிடும். சிறுவிடை என்கிற சிறிய நாட்டுக்கோழி கறிக்கு ஆக 5, 6 மாதம் வேண்டும். அப்போதும் ஒன்றேகால் கிலோ தேறினால் நல்லது. கூலி வேலைக்குப் போகிற வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிறது என்றால் அது பிராய்லரால்தான். அதை மறுத்துவிட்டு அறம் பேசுவது நியாயமில்லை.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது விலையோ எடையோ அல்ல. கோழி யாருடையது என்பதுதான். ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. செட், கரண்ட், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, ஆள் எல்லாம் நம்முடையவை. நமக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அதுவும் தீவனச் செலவு, சாவு எண்ணிக்கை, வந்த எடை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துப் பிடித்தம் போக வருவது. "கோழி அவிங்களுது மாப்பிள்ளை, செட்டும் கடனும்தான் நம்மளுது" என்பார் மச்சான். சந்தையில் விலை சரிந்தால் அடுத்த பேட்ச் குஞ்சு தள்ளிப்போகும். பேங்க் தவணை தள்ளிப்போகாது.

இந்த ஏற்பாட்டுக்குள் கோழியிடம் இரக்கம் காட்ட வளர்ப்பவருக்கு உரிமையே இல்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு செட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி. நெஞ்சுப் பக்கம் இறகு தேய்ந்து தோல் சிவந்து தெரியும். பாதிக் கோழிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டித் தீவனம் எடுக்கும், அந்த எடையை அதன் கால் தாங்குவதில்லை. மழைக்காலத்தில் நார்க்கழிவு ஈரமானால் அம்மோனியா நம் கண்ணையே எரிக்கும். கோழி அந்தக் காற்றிலேயே இரவும் பகலும் கிடக்கிறது. சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். மச்சான் நல்ல மனிதர், பார்க்கப் பொறுக்காமல் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிடுவார். ஆனால் கூட்டத்தைக் குறைத்து விட அவரால் முடியாது. குறைத்தால் கூலி கட்டுபடியாகாது. வளர்ச்சி மெதுவான இனம் வேண்டும் என்று கேட்கவும் வழியில்லை. தீவனத்தில் என்ன கலந்து வருகிறது என்பதும் அவர் கையில் இல்லை. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை, கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் மத்திய அரசே தடை போட வேண்டி வந்தது.

நமக்குக் குஞ்சு வந்து சேரும் முன்பே ஒரு கொடுமை நடந்து முடிந்திருக்கும். அந்தக் குஞ்சுகளை ஈன்ற தாய்க்கோழிகளுக்கு வயிறாரத் தீவனம் வைப்பதில்லை. வைத்தால் உடல் பெருத்து முட்டை குறையும், சாவு கூடும். வேகமாகச் சதை வைக்கும்படி இனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குரிய பசியோடேயே தாயை வாழ வைக்கிறார்கள். லாபம் ஓரிடத்துக்கும் வலியும் கடனும் வேறிடத்துக்கும் போகும்படி அமைந்த முதலாளித்துவ ஏற்பாடு இது. வளர்ப்பவரைத் திட்டிப் பிரயோசனமில்லை.

நாமக்கல் முட்டைக் கூண்டுகளைப் பார்த்திருக்கிறேனே தவிர நடத்திப் பழக்கமில்லை, ஆகவே சுருக்கமாக: ஒரு கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அப்படிப்பட்ட வெற்றுக் கூண்டுகளை 2012-இல் தடை செய்தது.

சுற்றுச்சூழல் என்று வந்தால் நாட்டுக்கோழிக்காரர்கள் கொஞ்சம் அடக்கிப் பேச வேண்டும். ஒரு கிலோ எடை ஏற பிராய்லருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் போதும். நாட்டுக்கோழியைக் கொட்டகையில் அடைத்து முழுக்கக் கம்பெனித் தீவனமே போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு தின்னும். அவ்வளவு மக்காச்சோளமும் சோயாவும் ஏதோ ஒரு நிலத்தில் உரமும் தண்ணீரும் குடித்து விளைந்தவைதானே. தோப்பில் கரையான், புழு, உதிர்ந்த தானியம், அசோலா என்கிற நீர்ப்பாசி என்று மேய்ந்தால்தான் நாம் சொல்லும் நியாயம் நிற்கும். அதுவும் அளவாக இருக்கும்வரைதான். ஒரே இடத்தில் கோழி கூடினால் புல் அழிந்து தரை வெறும் மண்ணாகிவிடும். எங்களுடையது சிறிய கூட்டம். ஆயிரக்கணக்கில் விட்டால் இதே சுகம் கோழிக்குக் கிடைக்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பிராய்லரில் ஈ, செத்த கோழி போடும் குழி, பக்கத்து வீட்டுக்காரர் தாங்கும் நாற்றம், வறண்ட பூமியில் உறிஞ்சும் போர்த் தண்ணீர் எதுவும் கடையில் எழுதிப் போடும் கறி விலையில் ஏறுவதில்லை. அவ்வளவும் ஊர் கொடுக்கும் மானியம். எங்கள் தோப்பில் எச்சம் நேராகத் தென்னைக்கே போகிறது. ஆனால் கீரிக்கும் பருந்துக்கும் நாங்கள் பங்கு கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

செட்தான் என்று முடிவெடுத்தவர்கள் ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். குஞ்சு இறக்காத நாட்களுக்கு என்ன, வெயிலில் செத்தால் யார் கணக்கு, கழிவு யார் பொறுப்பு என்று மூன்றும் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். நாட்டுக்கோழிக்கு வருபவர்கள் 50 கோழியோடு தொடங்குங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. அதைத் தடுக்க, குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி, இரண்டையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தவறாமல் போடுங்கள்.