ரைடிங் ஜாக்கெட் வாங்கும் முன் பேடை வெளியே எடுத்துப் பாருங்கள்

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டில், தை மாசம் பைக்கோடு விழுந்தேன். வேகம் 45 கூட இருக்காது. சம்பா அறுவடை நேரம், பாதி ரோட்டுக்கு நெல் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். எதிரே வைக்கோல் டிராக்டர் வந்ததால் ஓரம் ஒதுங்கினேன். நெல் மேல் ஏறியதும் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. காயவைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களமும் பத்தவில்லை என்றால் வேறெங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? என் கோபமெல்லாம் நான் போட்டிருந்த ஜாக்கெட்டின் மேல்தான்.

உரக்கடைகளில் ஆர்டர் எடுக்கிற வேலை எனக்கு. தினமும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் பைக்தான். போன ஆவணியில் தஞ்சாவூரில் ஒரு கடையில் எனக்கும், கும்பகோணத்தில் படிக்கிற தம்பிக்கும் ஒரே மாதிரி இரண்டு ஜாக்கெட் எடுத்தேன். ஒன்று 4,200 ரூபாய். தோளில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, தட்டினால் டக் டக் என்றது. "சி.ஈ. லெவல் டூ பேடு தம்பி, ரேஸ் ஓட்டுறவங்க போடுறது" என்றார் கடைக்காரர். பேடு என்றால் விழும்போது அடியைத் தாங்க ஜாக்கெட்டுக்குள் வைக்கிற மெத்தை, சி.ஈ. என்பது ஐரோப்பியத் தர முத்திரை. முழங்கைப் பேடை எடுத்துப் பார்க்கலாம் என்று உள்ளே கை விட்டேன். பேடு வைக்கிற பையைத் தைத்து மூடியிருந்தது. "கம்பெனி ஃபிட்டிங் தம்பி, பிரிச்சா வாரண்டி போயிடும்." அந்த நிமிஷமே கடையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நான் நம்பினேன்.

எனக்கு எல் சைஸ் சரியாக இருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு லூசா போட்டாதான் காத்தோட்டமா இருக்கும்" என்று எக்ஸ்.எல். மாட்டிவிட்டார். எல் சைஸ் கடையில் இல்லை என்பதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

விழுந்தபோது இடது முழங்கைதான் முதலில் தரையில் பட்டது. ஆனால் பேடு அங்கே இல்லை. ஜாக்கெட்டின் கை தொளதொளவென்று இருந்ததால் துணி சுற்றிக்கொண்டு, பேடு உள்பக்கம் திரும்பிவிட்டது. அக்குள் பக்கம் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. காற்றுப் போக வலை மாதிரி நெய்த மெஷ் துணி தாரில் தேய்ந்து உருகி, தோலோடு ஒட்டிக்கொண்டது. அதை நர்ஸ் இடுக்கியால் ஒவ்வொரு இழையாக எடுத்தார். ஒன்பது தையல், எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு.

வீட்டுக்கு வந்து பிளேடால் அந்தப் பையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது மஞ்சள் ஸ்பாஞ்ச். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் கூட இதைவிடக் கெட்டி. இரண்டு விரலால் அழுத்தினால் விரலும் விரலும் தொட்டுக்கொண்டன. எழுத்து, எண் எதுவுமே அதில் கிடையாது.

கூட வேலை பார்க்கும் நண்பர் தன் ஜாக்கெட்டிலிருந்து பேடைக் கழற்றிக் காட்டினார். வெல்க்ரோவைப் பிரித்ததும் வந்துவிட்டது. கையில் கனமாக இருந்தது. அதிலேயே பைக் ஓட்டுகிறவர் படம், ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண், முழங்கைக்கான 'ஈ' எழுத்து, லெவல் எண் எல்லாம் அச்சாகியிருந்தது. 50 ஜூல் அடியைப் பேடின் மேல் இறக்கி, அதைத் தாண்டி எவ்வளவு விசை போகிறது என்று அளக்கிற சோதனை அது. சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுப் பேடுக்கு எண் 1621-2. நல்ல ஜாக்கெட் பலவற்றிலும் முதுகுக்கு வெறும் ஃபோம்தான் வைத்துக் கொடுக்கிறார்கள், சரியான முதுகுப் பேடைத் தனியாக வாங்கிப் போட வேண்டியிருக்கும். துணிக்கும் தையலுக்கும் ஈ.என். 17092 என்று வேறு லேபிள் உண்டு, ஏ, ஏஏ, ஏஏஏ என்று தரம் போட்டிருக்கும். வெறும் 'சி.ஈ.' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்து மாட்டிவிடலாம்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் போதாது. வாசலில் நிற்கிற உங்கள் பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். இன்னொருவரை விட்டு முழங்கைப் பேடைத் திருகச் சொல்லுங்கள். முழங்கையை விட்டு நகர்ந்தால் அந்த சைஸ் வேண்டாம். வெயிலுக்கு மெஷ் எடுங்கள், தொளதொளப்பு வேண்டாம்.

கட்டோடு கடைக்குப் போனேன். "ஜாக்கெட் என்ன இரும்புக் கவசமா? மெதுவா ஓட்டியிருக்கணும்" என்றார். வாங்கும்போது அவர் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு, ஜி.எஸ்.டி. பில் இல்லை. பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். போனில் பணம் அனுப்பிய பதிவு இருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஸ்பாஞ்சைப் பார்த்த அன்று ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டு, அவன் ஜாக்கெட்டையும் பிரிக்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் போட்டோ வந்தது, அதே மஞ்சள் ஸ்பாஞ்ச். "அண்ணே, ஆறு மாசமா இதை நம்பித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றான். பொங்கலுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் ராத்திரியில் வீட்டுக்கு வந்திருந்தான்.