ஏஐ உதவியோடு சோலார் புரொபோசல் எழுதி இரண்டு வருடம்

கோவையில் மேற்கூரை சோலார் அமைத்துத் தரும் சிறிய நிறுவனம் என்னுடையது. நான், இரண்டு எலக்ட்ரீஷியன்கள், ஸ்ட்ரக்சர் வெல்டிங்குக்கு ஒருவர், ஆபீஸில் கணக்கும் ஈ.பி. விண்ணப்பங்களும் பார்த்துக்கொள்ள ஒரு பெண். அவ்வளவுதான் ஆட்கள். மாதம் பதினைந்து, இருபது பேருக்கு விலை கொடுக்கிறோம். பகல் முழுக்கக் கூரை மேல் இருப்பதால் புரொபோசல் எழுதுவது எப்போதும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஒன்றுக்கு மூன்று மணி நேரம் போகும். பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, அளவை மாற்றி, படத்தை மாற்றி அனுப்புவேன். ஒரு முறை முந்தைய வாடிக்கையாளரின் பெயர் மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டது. அந்த ஆர்டர் கிடைக்கவில்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு, வீட்டு மேற்கூரை சோலாருக்கு மானியம் தரும் சூர்யா கர் திட்டத்தை அறிவித்தது. வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். போன் நிற்காமல் அடித்தது. ராத்திரி வேலை தாங்க முடியாமல் போனபோதுதான் ஏஐ உதவியாளர் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாய். எந்தச் செயலி என்பதை எழுதப் போவதில்லை. இடையில் மாற்றியும் பார்த்தேன், நான் பட்டதெல்லாம் இரண்டிலும் பட்டதுதான்.

வீட்டுக்கான 3 கிலோவாட்டுக்குப் புரொபோசல் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு பக்கக் கொட்டேஷன், மானியக் கணக்கு, பேனல், இன்வெர்ட்டர் பெயர்கள் போதும். அதற்கு ஏஐ வேண்டியதே இல்லை, எக்செல் போதும். இங்கே எழுதுவது தறிக்குடோன், பள்ளிக்கூடம், ஃபவுண்டரி மாதிரி இடங்களுக்கு எட்டு, பத்துப் பக்கம் எழுத வேண்டி வருவதைப் பற்றி.

முதல் மாதம் மலைத்துப்போய்விட்டேன். "20 கிலோவாட், தறிக்குடோன், பல்லடம்" என்று ஒரு வரி போட்டால் ஒரு நிமிடத்தில் எட்டுப் பக்கம் வந்து நின்றது. ஆங்கிலம் அவ்வளவு சுத்தம். நிறுவன அறிமுகம், பசுமை எதிர்காலம், கரியமில வாயு எவ்வளவு குறையும், எத்தனை மரம் நட்டதற்குச் சமம் என்று எல்லாம் இருந்தது. பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தறிக்குடோன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசி வரை போய்விட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். "தம்பி, இதுல என்ற குடோன் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். அப்புறம் அவரே சொன்னார்: "ஆடி மாசம் இந்தக் கூரை என்ன ஆட்டம் ஆடும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? போன வருசம் ரெண்டு ஷீட்டு பறந்து ரோட்டுல போய் விழுந்துது."

பல்லடம், உடுமலை பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு இது புரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே வெறும் பேச்சில்லை. அவருக்கு இருந்த ஒரே பயம் காற்று. என் எட்டுப் பக்கத்தில் காற்று என்ற சொல்லே கிடையாது. இத்தனைக்கும் சைட் விசிட்டின்போது அந்தக் கூரையில் நின்றவன் நான். கூரை ஷீட்டைத் தாங்கும் பர்லின் கம்பி எத்தனை அடிக்கு ஒன்று போகிறது, கிளாம்பை எங்கே பிடிக்க வேண்டும், காற்று மோதும் மேற்கு ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எல்லாம் என் நோட்டில் இருந்தது. நோட்டில் இருந்ததை ஏஐக்கு நான் கொடுக்கவே இல்லை. கொடுக்காததை அது எங்கிருந்து எழுதும்? உலகத்தில் எந்தக் கூரைக்கும் பொருந்துகிற ஒன்றை எழுதித் தந்தது. அதே வாரம் அவரிடம் விலை கொடுத்திருந்த இன்னொருவரின் புரொபோசலையும் காட்டினார். அதிலும் அதே மரக்கணக்கு, கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள்.

மறுவாரம் நோட்டில் இருந்ததை எல்லாம் போட்டு, நான்கே பக்கத்தில் திரும்ப எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் பக்கம் முழுக்கக் காற்றைப் பற்றித்தான். ஆர்டர் கிடைத்தது.

அன்றிலிருந்து எழுதுகிற முறையே மாறிவிட்டது. கூரையிலிருந்து இறங்குவதற்கு முன் போனில் நாலைந்து நிமிடம் தமிழிலேயே பேசிப் பதிவு செய்துவிடுகிறேன். தண்ணீர் டேங்க் நிழல் எத்தனை மணி வரை விழுகிறது, கூரை சிமென்ட் ஷீட்டா மெட்டல் ஷீட்டா, பஞ்சுத் தூசி எவ்வளவு படிகிறது, ஏணி வைக்க இடம் எங்கே, முதலாளி எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று எல்லாம். அதை எழுத்தாக்கி, ஒரு வருட ஈ.பி. பில்லோடு சேர்த்து ஏஐக்குக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர் பெயர், மின் இணைப்பு எண், ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பது. நம்பிப் பில்லைக் கொடுத்தவரின் விவரம் வேறெங்கும் போகக் கூடாது. சிமென்ட் ஷீட் என்றால் அதில் ஆள் நடந்தால் உடையும், ஸ்ட்ரக்சர் செலவு கூடும். அந்த ஒரு வரி விலையையே மாற்றிவிடும். இப்படிக் கொடுத்த பிறகு வருகிற வரைவு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. நான் சிதறலாகச் சொன்னதைக் கோர்வையாக்குவதில் அதை மிஞ்ச என்னால் முடியாது.

இரண்டாவது அடி ஒரு பள்ளிக்கூடத்தில் விழுந்தது. இதை எழுதுவது எனக்குக் கஷ்டம், ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் அனுபவத்தைப் பற்றி ஒரு பத்தி கேட்டிருந்தேன். "ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு வெற்றிகரமாக அமைத்துக் கொடுத்த அனுபவம்" என்று எழுதியிருந்தது. நாங்கள் அதுவரை செய்தது மூன்று பள்ளிகள். அவசரத்தில் படிக்காமல் அனுப்பிவிட்டேன். தாளாளர் அம்மா போன் செய்து, "அந்த ஐம்பது பள்ளியில பக்கத்துல இருக்கிற அஞ்சு பேரோட நம்பர் மட்டும் குடுங்க சார், பேசிப் பாக்கறோம்" என்றார். நான் நேரில் போய், அது தவறு, மூன்றுதான் செய்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முன்னாடியே மூணுன்னு போட்டிருந்தா மூணு பேர்கிட்டயும் பேசியிருப்பேன்" என்றார். வேலை வேறொருவருக்குப் போனது. எழுதியது ஏஐ என்றாலும் அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. இப்போது ஒவ்வொரு முறையும் முதல் வரியாக நான் கொடுக்கும் உத்தரவு இதுதான்: "நான் கொடுக்காத எண், பெயர், தேதி, உத்தரவாதம் எதையும் நீயாக எழுதாதே. தகவல் இல்லாத இடத்தில் கோடு போட்டு விடு." இதற்குப் பிறகு கற்பனை பெருமளவு குறைந்தது. முழுதாக நின்றுவிடவில்லை. அதனால் எண் வரும் இடத்தையெல்லாம் மஞ்சள் அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

கணக்கு விஷயத்தில் மட்டும் அதை நம்பவே கூடாது. 20 கிலோவாட், கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட், வருடத்துக்கு 29,200 யூனிட் என்று பெருக்கல் சரியாகத்தான் போடும். ஆனால் தறி ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அன்றைக்கு உற்பத்தியாகும் 80 யூனிட்டும் வெளியே ஈ.பி. லைனுக்குத்தான் போகும். ஒரு வருட ஞாயிறுகளைக் கூட்டினால் 4,000 யூனிட்டுக்கு மேல். தொழில் இணைப்பில், நாம் பயன்படுத்தும் யூனிட்டால் மிச்சமாகிற காசும் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கிற காசும் ஒன்றில்லை. இதை விட்டுவிட்டுப் "போட்ட பணம் இத்தனை வருடத்தில் திரும்பும்" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

விதிகள் மாறுவதும் அதற்குத் தெரிவதில்லை. வருமான வரியில் சோலாருக்குத் தேய்மானம் 80 சதவீதம் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து அது 40 சதவீதம். பேனலை 30 பாகை சாய்க்கலாம் என்று இன்னொன்றில். அது டெல்லிப் பக்கத்துக்குப் பொருந்தும். கோவை இருப்பது 11 பாகை அட்சரேகையில், நாங்கள் சாய்ப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வேலையின் மதிப்பில் பொருள் எழுபது சதவீதம், சேவை முப்பது சதவீதம் என்று பிரித்து வரி போட்டால் மொத்த வேலைக்கு 13.8 சதவீதமாக இருந்தது 8.9 ஆனது. பத்து லட்ச ரூபாய் வேலையில் 49,000 ரூபாய் வித்தியாசம். அக்டோபரிலும் ஏஐ 13.8 என்றே எழுதிக்கொண்டிருந்தது. ஆபீஸில் இருக்கும் பெண் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். இப்போது எண்கள் எல்லாம் எங்கள் எக்செலிலிருந்து மட்டும் வருகின்றன. சுற்றியிருக்கும் வாக்கியங்கள் மட்டும் ஏஐயுடையவை.

தமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மில்லில் மகன் ஆங்கிலப் பிடிஎஃப்பைப் படிப்பார். முடிவெடுப்பது அப்பா. அதனால் ஒவ்வொரு புரொபோசலுக்கும் முன்னால் தமிழில் ஒரு பக்கம் வைக்கிறேன். ஆரம்பத்தில் ஏஐ தந்த தமிழை அவர்களிடம் நீட்டவே கூச்சமாக இருந்தது. "தங்களின் ஆற்றல் பயணத்தில் நாங்கள் பங்குதாரராக விழைகிறோம்" என்று வந்தது. எந்தத் தறிக்காரரிடம் இப்படிப் பேச முடியும்? ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் இன்றைக்கும் இப்படித்தான் வருகிறது. நான் கையால் எழுதிய பத்துப் பக்கங்களை மாதிரியாகக் கொடுத்து, கூரையில் பேசிய பதிவிலிருந்து நேராகத் தமிழில் எழுதச் சொன்ன பிறகுதான் பேச்சு வழிக்கு வந்தது. அப்போதும் கால்வாசியை நான் திருத்துகிறேன். அந்த ஒரு பக்கத்துக்குச் செலவாகும் இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க நான் நினைக்கவே இல்லை.

எதிர்பாராமல் கிடைத்த பெரிய உபயோகம் ஒன்று உண்டு. அனுப்புவதற்கு முன் அதையே வாடிக்கையாளராக இருக்கச் சொல்கிறேன். "நீ முப்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவன். ஏற்கெனவே ஒரு முறை பேட்டரி இன்வெர்ட்டர் வாங்கி ஏமாந்தவன். இதில் எதை நம்ப மாட்டாய்?" என்று கேட்பேன். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்கிறீர்கள், இன்வெர்ட்டருக்கு எத்தனை வருடம், அது போனால் யார் செலவு, கரண்ட் இல்லாதபோது சோலார் ஓடுமா என்று கேட்டது. ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும், பேட்டரி இல்லாத ஆன்கிரிட் அமைப்பு, லைன் போனால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. இதைப் பெரிய எழுத்தில் முதலிலேயே போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அதற்கு முன் எத்தனை பேர் வேலை முடிந்த பிறகு இதற்காக என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்!

மூன்று மணி நேர வேலை இப்போது ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிறது. முதல் மாதம் எட்டுப் பக்கம் ஒரு நிமிடத்தில் வந்ததை நினைத்தால் இது மெதுவாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எழுதியதை எந்த வாடிக்கையாளர் முன்னாலும் வரிவரியாக வாசிக்க முடிகிறது.

போன வாரம் சோமனூரில் ஒரு தறிக்குடோன். பல்லடத்து அண்ணனின் மச்சினர். உள்ளே தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தார். தமிழ்ப் பக்கத்தை வாய்விட்டு வாசித்தார். காற்று, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, லைன் போனால் நிற்கும் என்பது, எல்லாவற்றையும் நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். கடைசியில் ஏஐ கோடு போட்டு விட்டிருந்த ஒரு இடம் வந்தது. வேலை முடியும் தேதி.

"இதென்னுங்க தம்பி, வெறுங்கோடா இருக்குது?"

"ஆய்வுக்கு எப்ப வருவாங்கன்னு மின் ஆய்வாளர் அலுவலகத்துல நேத்துத்தான் விசாரிச்சேனுங்கண்ணா. உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போடலாம்னு விட்டு வெச்சேன்" என்று சொல்லி, பேனாவை எடுத்துத் தேதியை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.