நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கப் போய்…

போன மாதம் பழைய பிரிண்டர் ஒன்றுக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தளத்தில் வழக்கமான 'நான் ரோபோ இல்லை' கட்டம். டிக் அடித்தேன். டிராஃபிக் சிக்னல் படங்களைக் காட்டும் என்று பார்த்தால், வேறு மூன்று வேலை சொன்னது: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர். அவசரத்தில் அப்படியே செய்தேன். கறுப்பாக ஒன்று மின்னி மறைந்தது. டிரைவர் வரவில்லை.

மறுநாள் என் ஜிமெயில் எனக்கே திறக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தேன். ஓடிபி ஒன்றுகூட வரவில்லை.

லேப்டாப்பைத் தெருமுனைக் கடையில் கொடுத்தேன். ஆன்டிவைரஸை ஓடவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், கிளீனா இருக்கு" என்று 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். போராடி ஜிமெயிலை மீட்டேன். கிளீன்தானே என்று மற்றதையெல்லாம் தொடாமல் விட்டேன். நான்காம் நாள் இன்ஸ்டாகிராமும் போனது.

கடைசியில் ஐடியில் வேலை பார்க்கும் அக்கா மகன் வந்தான். விண்டோஸும் ஆரும் அழுத்தினால் வரும், கட்டளை தட்டும் ரன் பெட்டியைத் திறந்தான். நான் ஒட்டிய வரி அப்படியே இருந்தது. பார்வைக்கு 'ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண்' என்ற அப்பாவி வாசகம். கர்சரை முன்னால் நகர்த்தினால், விண்டோஸை நேரடியாக வேலை வாங்கும் பவர்ஷெல் கட்டளை ஒன்று நீளமாகப் போகிறது. பெட்டி குறுகல், வால் மட்டும்தான் தெரியும். டிக் அடித்த நொடியிலேயே தளம் அதை என் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) போட்டுவிட்டது. "ஒட்டினதும் என்டர் தட்டினதும் நீங்கதான், மாமா!" என்றான்.

இதற்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயராம், 2024 முதல் பரவுகிறது. லும்மா என்ற தகவல் திருடும் நிரலும் இந்த வழியில் வருவதுண்டு; 2025-இல் இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இந்த மாதிரித் திருடர்கள் பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீயையும் (நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) அள்ளிக்கொண்டு போவார்கள். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

யாராவது ஏற்கெனவே ஒட்டியிருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து எல்லாக் கணக்குகளிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுத்து, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. ஆபீஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் ரன் பெட்டியை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டச் சொல்லும் வகையும் 2025-இல் வந்துவிட்டது.

கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விண்டோஸ் புதுசா போட 600 ஆகும் சார்" என்றார்.